உள்ளூர் ஓவியத்தில் பணம் போடுவது எப்படி: சென்னை வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

2025 மார்ச்சில் நியூயார்க் ஏலம் ஒன்றில் எம்.எஃப். ஹுசைன் 1954-ல் வரைந்த ‘கிராம யாத்ரா’ ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போனது. அந்த விலையைப் பலரும் பேசினார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது அந்த ஓவியம் வந்த வழி. உலக சுகாதார நிறுவன வேலையாக டெல்லிக்கு வந்திருந்த ஒரு மருத்துவர், வரைந்த ஆண்டிலேயே அதை வாங்கி நார்வேக்கு எடுத்துப் போனார். பிறகு அது ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. ஓவியரின் நாட்டுக்கு ஒருவர் வந்திருந்தார், அங்கே வாங்கினார். அதன் பிறகு யார் கையில் இருந்தது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்த விலை நமக்கு வரப்போவதில்லை. ஆனால் அந்த முறை நமக்கும் பொருந்தும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவரிடம் பெரிய பணமோ ஆலோசகரோ இல்லை. இருக்கும் ஒரே பலம், பக்கத்தில் இருப்பது. ஓவியரின் ஸ்டுடியோவுக்கு நேரில் போகலாம், அவர் பத்து வருஷமாக என்ன செய்திருக்கிறார் என்று பார்க்கலாம், முதல் ரசீதை அவர் கையிலிருந்தே வாங்கலாம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றித்தான். எனக்குப் பழக்கமான சென்னை வட்டாரத்தை வைத்து எழுதுகிறேன்.

படி 1: முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஓவியம் வட்டி தராது, வாடகை தராது. விற்றால்தான் பணம். விற்க நினைத்த அன்று வாங்க ஆள் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

80,000 ரூபாய்க்கு ஒரு கேன்வாஸ் வாங்குகிறீர்கள். ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 4,000. நல்ல பிரேமுக்கு 8,000. ஆக மொத்தம் கையை விட்டுப் போனது 92,000. பத்து வருஷம் கழித்து அதே ஓவியம் 2 லட்சத்துக்கு விலை போகிறது என்று வையுங்கள். கேட்பதற்கு இரண்டரை மடங்கு. ஆனால் விற்றுத் தரும் கேலரி 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வருவது 1,40,000. அதில் ஓவிய விலையும் ஜிஎஸ்டியும் போக மிஞ்சும் 56,000 லாபத்துக்கு மூலதன ஆதாய வரி, செஸ்ஸோடு சேர்த்து ஏறத்தாழ 7,300. மிஞ்சுவது 1,32,700. போட்ட 92,000-க்கு இது வருஷத்துக்கு 3.7 சதவீத வளர்ச்சிதான். வங்கி வைப்பு நிதியே இதைவிட நன்றாகக் கொடுத்திருக்கும்.

வருஷம் 10 சதவீதம் வேண்டுமென்றால் அந்த ஓவியம் பத்து வருஷத்தில் சுமார் 3 லட்சத்து 75 ஆயிரத்துக்கு விற்க வேண்டும். அப்படி ஏறும் ஓவியர்கள் உண்டு, ஏறாதவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் சொல்கிறேன்: அவசரத்துக்குத் தேவைப்படாத பணமாக இருக்க வேண்டும், குறைந்தது பத்து வருஷம் தொடத் தேவையில்லாத பணமாக இருக்க வேண்டும், மொத்தச் சேமிப்பில் சிறு பங்காக இருக்க வேண்டும். கடன் வாங்கி ஓவியம் வாங்கவே கூடாது. விலை ஏறாமலே போனாலும் சுவரில் இருப்பது சந்தோஷம்தான் என்று சொல்ல முடிகிற படத்தை மட்டும் வாங்குங்கள். மனசு ஒட்டாத படத்தைப் பத்து வருஷம் காத்திருந்து வைத்திருக்க யாராலும் முடியாது. சந்தை சரியும்போது அதைத்தான் முதலில் நஷ்டத்துக்குத் தள்ளிவிடத் தோன்றும்.

படி 2: வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் பாருங்கள்

இந்த ஒரு வருஷத்தைத் தாண்டிக் குதித்து வாங்குகிறவர்கள்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். கண்காட்சிக்குப் போக டிக்கெட் பெரும்பாலும் கிடையாது. யாரும் வாங்கச் சொல்லி வற்புறுத்தவும் மாட்டார்கள். தயங்காமல் உள்ளே போகலாம்.

தொடங்க வேண்டிய இடம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் ஓவியர்களே சேர்ந்து நிலம் வாங்கி உருவாக்கிய இடம் அது. நிலத்துக்கான பணத்தைப் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும்) துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுச் சேர்த்தார்கள். படம் விற்காத காலத்தில் படம் வரைவதற்காகவே துணிக்குச் சாயம் போட்டவர்கள். அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் கலை இயக்கத்தின், அதாவது பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த சென்னை ஓவியர்களும் உருவாக்கிய போக்கின், முக்கியமான கைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரு முழுப் பகலை அதற்கு ஒதுக்குங்கள்.

அப்புறம் கிரீம்ஸ் சாலையில் இருக்கும், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம். அங்கே கேலரியில் தொடர்ந்து கண்காட்சிகள் நடக்கும், அச்சு, சிற்பம், சுடுமண் வேலைகளுக்கான பட்டறைகளும் உண்டு. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவின் வரிஜா கேலரி. எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் தேசிய கலைக்கூடம். தனியார் கேலரிகளில் 1960-களிலிருந்து இயங்கும் சரளா ஆர்ட் சென்டர், 1984-ல் தொடங்கிய அப்பாராவ் கேலரி, அடையாறு பக்கம் ஃபோரம் போன்றவை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினாவில் நாம் தினமும் கடந்து போகும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அதன் முதல் இந்திய முதல்வர். 1957-ல் அவருக்கு அடுத்து வந்தவர் பணிக்கர். இறுதியாண்டு மாணவர் கண்காட்சிக்கு அங்கே போய்ப் பாருங்கள். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி, புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடம், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி ஆகியவற்றிலும் இப்படிப் பார்க்கக் கிடைக்கும். சில ஆயிரம் ரூபாய்க்கே நல்ல வேலை கிடைக்கும் இடங்கள் இவை. அந்த மாணவர்களில் பலர் ஐந்து வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதும் உண்மை. ஆகவே அங்கே கொடுக்கும் பணத்தைத் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுங்கள்.

பார்க்கும்போது ஒரு நோட்டில் ஓவியர் பெயர், அளவு, ஊடகம், ஆண்டு, கேட்ட விலை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். விலைப் பட்டியலைக் கேட்டால் காட்டுவார்கள். விற்ற படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருப்பார்கள். ஒரு கண்காட்சியில் எந்த அளவு, எந்த விலைப் படங்களுக்குப் பொட்டு விழுகிறது என்று கவனித்தாலே சந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். இந்த நோட்டுதான் பிறகு நீங்கள் விலை பேசும்போது கையில் இருக்கும் ஆதாரம். இணையத்தில் பெரிய ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளை வெளியிட்டிருக்கின்றன. நீங்கள் விரும்பும் ஓவியரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அவர் பெயர் அங்கே வரவே இல்லை என்றால் மறுவிற்பனைச் சந்தை அவருக்கு இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். அது வாங்காமல் இருக்கக் காரணம் ஆகாது, காத்திருக்க வேண்டிய காலத்தை நீட்டிக்கும் காரணம்.

படி 3: யாருடைய வேலையை வாங்குவது

மெட்ராஸ் இயக்கத்தின் மூத்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பணிக்கர், எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ், ஜே. சுல்தான் அலி, கே.எம். ஆதிமூலம். ஹுசைன் போன்றவர்கள் இருந்த பம்பாய் முற்போக்குக் குழுவினரோடு ஒப்பிட்டால் இவர்களின் விலை நெடுங்காலம் தாழ்ந்தே இருந்தது. தரம் குறைவு என்பதால் அல்ல. வாங்கும் பணக்காரர்களும் ஏல நிறுவனங்களும் எழுதும் விமர்சகர்களும் பம்பாயிலும் டெல்லியிலும் இருந்தார்கள். சோழமண்டலத்தில் இருந்த கே. ராமானுஜம் 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்தார். பேனா மையில் கனவு மாளிகைகளையும் பாம்புகளையும் தொப்பி போட்ட தன்னையும் வரைந்தவர். இருந்த காலத்தில் அவர் கையில் பணம் நின்றதில்லை. இன்று அவருடைய சிறு கோட்டோவியங்களும் ஏலத்தில் லட்சங்களில் போகின்றன. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஓவியர் உயிரோடு இருக்கும்போது வாங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

மறைந்த மூத்தவர்களின் முக்கியமான கேன்வாஸ்கள் இப்போது சாதாரணச் சேமிப்புக்கு எட்டாது. ஆனால் அவர்களில் சிலருடைய தாள் வேலைகள் எட்டும். ஆதிமூலத்தின் கோடுகளைச் சிற்றிதழ் அட்டைகளிலும் வார இதழ்களிலும் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகர்கள் நிறையப் பேர். அந்தக் கண் பழக்கமே ஒரு மூலதனம். அவருடைய கோடு எப்படி ஓடும் என்று உங்களுக்கு ஏற்கனவே தெரியும். டெல்லியில் இருக்கும் முதலீட்டாளருக்கு அது தெரியாது.

உயிரோடு இயங்கும் நடுத்தலைமுறை ஓவியர்கள்தான் சின்ன முதலீட்டாளருக்குச் சரியான இடம் என்பது என் கருத்து. இருபது வருஷமாக விடாமல் வரைகிறவர், தனிநபர் கண்காட்சிகள் வைத்தவர், குறைந்தது ஒரு பொது நிறுவனத்தின் சேகரிப்பில் இடம்பெற்றவர், வெளியூரிலும் யாராவது வாங்கியிருக்க வேண்டும். லலித் கலா அகாடமி விருது, மாநில அரசின் கலைச்செம்மல் விருது போன்றவை ஒரு குறிப்பு. அவை மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. அவர் வேலை காலப்போக்கில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பத்து வருஷமாக விற்ற ஒரே படத்தையே நிறம் மாற்றி வரைகிறாரா, அல்லது ஒரு கேள்வியைத் துரத்திக்கொண்டே போகிறாரா? முதல் வகைப் படம் வீட்டுக்கு அழகாக இருக்கும், பத்து வருஷம் கழித்து அதே மாதிரி நூறு படங்கள் சந்தையில் இருக்கும்.

ஸ்டுடியோவுக்குப் போகலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான ஓவியர்கள் மனமுவந்து கூப்பிடுவார்கள். ‘சார்’ என்றோ ‘மாஸ்டர்’ என்றோ கூப்பிட்டு உட்கார்ந்து பேசினால், தாங்களாகவே பழைய படங்களைச் சுவரோரம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டத் தொடங்குவார்கள். அந்தப் பழைய படங்களில்தான் அவருடைய போக்கு புரியும். ஒரு கலைஞரின் ஒரே ஒரு படத்தை வாங்குவதைவிட, பத்து வருஷத்தில் மூன்று கட்டங்களிலிருந்து மூன்று சிறு படங்கள் வாங்கி வைத்திருப்பது பிற்காலத்தில் மதிப்பு மிக்கது.

படி 4: எந்த ஊடகம்

கேன்வாஸில் எண்ணெய் வண்ணமும் அக்ரிலிக்கும் பொதுவாக அதிக விலை. அடுத்தது தாளில் வரைந்த கோட்டோவியமும் நீர்வண்ணமும். ஒரே ஓவியரின் தாள் வேலை அவருடைய கேன்வாஸைவிட நிறையக் குறைந்த விலையில் கிடைக்கும். பணம் குறைவாக இருக்கும்போது மூன்றாந்தர ஓவியரின் பெரிய கேன்வாஸைவிட முதல்தர ஓவியரின் சின்னக் கோட்டோவியமே மேல்.

அச்சு ஓவியங்களில்தான் குழப்பம் அதிகம். எட்சிங் (உலோகத் தகட்டை அரித்து எடுப்பது), லித்தோ (கல் அச்சு), மரச்செதுக்கு, பட்டுத்திரை அச்சு போன்றவை ஓவியரே தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ வேலை செய்து, எண்ணி எடுக்கும் மூலப் பிரதிகள். தாளின் கீழே இடது பக்கம் பென்சிலில் 7/25 என்பது போல எண் இருக்கும். எடுத்த 25 பிரதியில் இது ஏழாவது என்று பொருள். வலது பக்கம் கையெழுத்தும் ஆண்டும். எட்சிங் என்றால் தகடு அழுத்திய விளிம்பு படத்தைச் சுற்றித் தாளில் மெல்லிய பள்ளமாக இறங்கியிருக்கும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். இதற்கு மாறாக, ஒரு கேன்வாஸைப் படம் பிடித்து இங்க்ஜெட்டில் துணி மேல் அடித்து ‘லிமிடெட் எடிஷன்’ என்று விற்பதும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தூரிகைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் பொடிப் புள்ளிகள் தெரியும். அது அலங்காரப் பொருள். முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தஞ்சாவூர் ஓவியம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசி, மக்கு (அதே பொடியும் பசையும் சேர்ந்த கூழ்) வைத்துப் புடைத்து, கல் பதித்து, 22 காரட் தங்க ரேக் (மெல்லிய தகடு) ஒட்டிச் செய்யும் வேலை. புவிசார் குறியீடு பெற்றது. உண்மையான ரேக் பல வருஷம் கழித்தும் மங்காது, மலிவான படங்களில் ஒட்டும் போலித் தகடு கறுத்துப்போகும். நல்ல கைவினைஞரிடம் வாங்குங்கள், பூஜையறையில் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆனால் மறுவிற்பனையில் பெரிதாக ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒட்டியிருக்கும் தங்கம் மிக மெல்லியது, அதன் எடைக்கு ஒன்றும் தேறாது. அதே கிருஷ்ணரைப் புதிதாகச் செய்து தரப் பலர் இருக்கும்போது பழையதற்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் குறைவு. சுவாமிமலை வெண்கலச் சிலைக்கும் இதேதான். மெழுகில் செய்து, களிமண் அச்சு எடுத்து, ஒரு முறையோடு அச்சை உடைத்துவிடும் அந்த வேலையின் அருமை வேறு. அதன் மறுவிற்பனை விலை வேறு.

படி 5: விலை பேசுவது

நம்மூரில் பல ஓவியர்கள் சதுர அங்குலக் கணக்கில் விலை வைக்கிறார்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண், அதை நீளத்தாலும் அகலத்தாலும் பெருக்கினால் விலை. 36-க்கு 36 அங்குலக் கேன்வாஸ் 1,296 சதுர அங்குலம். விலை 80,000 என்றால் அங்குலத்துக்கு 62 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உங்கள் நோட்டில் இருக்கும் எல்லா விலைகளையும் இப்படி மாற்றி எழுதுங்கள். அதே ஓவியருக்கு ஒரு கேலரியில் 60, இன்னொன்றில் 110 என்று வந்தால் ஏன் என்று கேட்கலாம். சின்னப் படங்களுக்கு அங்குல விலை கொஞ்சம் கூடுவது வழக்கம்.

கேலரி விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கேலரியின் கமிஷன். அது வீண் செலவு அல்ல. கண்காட்சி வைப்பது, கேட்டலாக் போடுவது, வெளியூர் சேகரிப்பாளர்களிடம் கொண்டுபோவது எல்லாம் அவர்கள் வேலை. ஒரு ஓவியருக்கு விலை நிலைத்து ஏறுவதே அந்த வேலையால்தான். கேலரியில் பார்த்துவிட்டு, கமிஷனை மிச்சம் பிடிக்க ஓவியர் வீட்டுக் கதவைத் தட்டுவது தவறு. கேலரியோடு ஒப்பந்தம் இல்லாத ஓவியர் என்றால் நேரில் வாங்குங்கள்.

பேரம் பேசலாமா? கேலரியில் சிறு தள்ளுபடி கேட்பது வழக்கம்தான், கேட்கலாம். ஓவியரிடம் நேராக வாங்கும்போது அடித்துப் பேசாதீர்கள். அவர் ஒருவருக்குப் பாதி விலையில் கொடுத்தார் என்ற பேச்சு பரவினால் விலை விழுவது நீங்கள் வாங்கிய படத்துக்கும் சேர்த்துத்தான். பணம் போதவில்லை என்றால் நான்கைந்து தவணையாகத் தரட்டுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எவ்வளவாக இருந்தாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கவே வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதைவிட, ரொக்கத்தில் போன பணத்துக்குத் தடயம் இருக்காது. விற்கும் நாளில் அந்தத் தடயம்தான் தேவைப்படும்.

படி 6: கையில் எடுத்துப் பாருங்கள்

சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள். இறக்கித் தரச் சொல்லுங்கள். செல்போன் டார்ச்சைப் படத்தின் ஓரத்தில், பரப்புக்கு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத விரிசல், செதில், குழி, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பிறகு திருப்புங்கள். ஒரு கேன்வாஸின் முதுகு நிறையச் சொல்லும். கையெழுத்து, தலைப்பு, ஆண்டு, பழைய கண்காட்சிகளின் லேபிள்கள், கேலரி எண்கள். 1970-ல் வரைந்தது என்று சொல்லும் படத்தின் துணி பளிச்சென்று வெள்ளையாகவும், சட்டத்தில் புத்தம்புது ஸ்டேப்ளர் பின்னும் இருந்தால், மறுபடி இழுத்துக் கட்டினார்களா என்று கேளுங்கள். சரியான பதில் இருக்கலாம். பதிலே இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தாள் வேலையில் பழுப்புப் புள்ளிகள், அலையலையாக எழும்பிய தாள், ஓரம் மஞ்சளாதல், பூச்சி அரித்த கோடு இவற்றைத் தேடுங்கள். கோட்டோவியத்தை ஃபெவிகால் வைத்து ஹார்ட்போர்டில் முழுசாக ஒட்டியிருந்தால் அது பெரிய சேதம். பிரித்தெடுப்பது கடினம்.

மறைந்த ஓவியர் என்றால் இன்னும் எச்சரிக்கை. புகழ் ஏறியவுடன் போலிகளும் வரும், நாடு முழுக்க அது நடந்திருக்கிறது. விற்பவர் கையெழுத்திட்ட சான்றிதழ் மட்டும் போதாது. ஓவியரிடமிருந்து முதலில் யார் வாங்கினார், அவரிடமிருந்து இவருக்கு எப்படி வந்தது என்ற சங்கிலி வேண்டும். குடும்பத்தினர், உடன் வேலை செய்த ஓவியர்கள் நம்மூரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

படி 7: காகிதங்கள்

வாங்கும் நாளிலேயே இவை உங்கள் கைக்கு வர வேண்டும்: ரசீது (ஜிஎஸ்டி கட்டியிருந்தால் அதையும் காட்டி), ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழ், அதில் படத்தின் சிறு புகைப்படம், தலைப்பு, ஆண்டு, அளவு, ஊடகம். கண்காட்சியில் வாங்கியிருந்தால் கேட்டலாக் ஒன்று. ஓவியர் அனுமதித்தால் படத்தோடு அவரை நிற்கவைத்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் படம் உருவான விதத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவும் செய்யுங்கள். முப்பது வருஷம் கழித்து எந்த நிபுணர் சான்றிதழையும்விட அது வலுவாக நிற்கும். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் இந்த வசதி.

பின்னாளில் அந்தப் படத்தைக் கண்காட்சிக்குக் கடன் கேட்டாலோ புத்தகத்தில் போடக் கேட்டாலோ தயங்காமல் கொடுங்கள், எழுத்தில் வாங்கிக்கொண்டு. காட்சிக்கு வைத்த வரலாறு விலையைக் கூட்டும். புத்தகத்தில் போடுவதற்கு ஓவியரின் அனுமதியும் வேண்டும். படத்தை வாங்கினாலும் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. எழுத்தில் மாற்றித் தராதவரை நீங்கள் அதைக் காலண்டராகவோ வாழ்த்து அட்டையாகவோ அடிக்க முடியாது.

படி 8: நம் வெயிலில், நம் ஈரத்தில் காப்பாற்றுவது

சென்னையில் ஓவியத்துக்கு முதல் எதிரி ஈரப்பதம். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரிலும், குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும் மாட்டாதீர்கள். பிரேமின் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடைவெளி விடுங்கள், காற்று ஓடினால் பூஞ்சை குறையும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் நீர்வண்ணத்துக்கும் அச்சுக்கும் ஆகாது. தாள் வேலைக்கு அமிலமில்லாத மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போடச் சொல்லி பிரேம் கடையில் நின்று வாங்குங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. கேன்வாஸைச் சுருட்ட வேண்டி வந்தால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி பெரிய குழாயில் சுருட்டுங்கள். ஈரத்துணியால் துடைப்பது, உருளைக்கிழங்கு தேய்ப்பது போன்ற வீட்டு வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை மழை முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கி முதுகைப் பாருங்கள்.

வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் ஓவியங்களைத் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பொதுவாக அவை கணக்கில் வராது.

படி 9: சட்டமும் வரியும்

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியமும் சிலையும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின் கீழ் வரும். இந்தியத் தொல்லியல் துறையில் பதிவு வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தமிழ்நாட்டில் பழைய சிலை என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்தால் பேச்சையே அங்கே நிறுத்திவிடுங்கள். கோயிலிலிருந்து திருடியதாக இருந்தால் பணமும் போகும், வழக்கும் வரும். ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், தாகூர் குடும்பத்து மூவர் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை இந்தியாவுக்குள் வாங்கி விற்கலாம், ஏற்றுமதி செய்ய முடியாது.

வரியில் பலர் நினைப்பது, வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது சொந்த உபயோகப் பொருள்தானே என்று. நகையைப் போலவே ஓவியமும் சிற்பமும் மூலதனச் சொத்துதான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அதற்குள் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தில் போகும். உறவினர் கொடுத்த ஓவியத்துக்கு வாங்கும்போது வரி இல்லை. உறவினர் அல்லாதவர் ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைப் பரிசாகக் கொடுத்தால் அது வருமானமாகக் கணக்காகும். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விற்கும் ஆண்டில் விதி என்ன என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 10: விற்பது

விற்க மூன்று வழி. முதலில் விற்ற கேலரியிடமே போவது எளிது, படத்தை அவர்களுக்குத் தெரியும், வாங்க ஆளையும் அவர்களுக்குத் தெரியும். கமிஷன் அதிகம். இரண்டாவது ஏல நிறுவனம். ஓவியருக்கு ஏல வரலாறு இருந்தால்தான் எடுப்பார்கள். குறைந்தபட்ச விலையை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஏலத்தில் யாரும் கேட்காமல் திரும்பி வந்த படத்தைச் சில வருஷம் மறுபடி கொண்டுபோகாமல் இருப்பது நல்லது, எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். மூன்றாவது, இன்னொரு சேகரிப்பாளருக்கு நேராக விற்பது. கண்காட்சிகளுக்கு வருஷக்கணக்காகப் போய்வந்தால் அந்த முகங்கள் எல்லாம் பழக்கமாகியிருக்கும்.

எந்த வழியில் விற்றாலும் முதலில் ஓவியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சில சமயம் அவரே தன் பழைய படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைப்பார், சில சமயம் அந்தக் காலகட்டத்துப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரைக் காட்டிவிடுவார். இன்னொன்று: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் மறுவிற்பனைப் பங்கு என்று ஒரு உரிமை இருக்கிறது. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால் ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ அதில் ஒரு பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். நடைமுறையில் யாரும் கேட்டு வாங்குவதில்லை, சந்தையும் பேசுவதில்லை. முதல் விற்பனையில் சில ஆயிரம் பெற்ற ஓவியர் இருக்க, நாம் லட்சத்தில் விற்கும்போது அந்தப் பங்கை எடுத்து வைத்துக் கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன். முதல் படியில் போட்ட கணக்கில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்கப்போவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் பட்டியலை வீட்டில் ஒருவரிடமாவது கொடுத்து வையுங்கள். எந்தப் படம் யாருடையது, எங்கே வாங்கியது, ரசீது எந்தக் கோப்பில், விசாரிக்க வேண்டிய கேலரி எது என்று. வாரிசுகள் விற்றால் நீங்கள் வாங்கிய விலையும் வைத்திருந்த காலமும் அவர்கள் வரிக் கணக்குக்கு அப்படியே போகும், அதற்கும் அந்த ரசீது வேண்டும். உயிலில் ஓவியங்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.